ஈவென்டிங் போகும் பிள்ளைக்கு எதை முதலில் வாங்குவது?

மதுரையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகளுக்கு 13 வயது. அழகர்கோவில் சாலைப் பக்கம் ஒரு பயிற்சித் திடலில் குதிரை ஏறப் பழகுகிறாள். இப்போது மூன்று கட்டமாக நடக்கும் குதிரையேற்றப் போட்டியான ஈவென்டிங்கில் ஆசை வந்திருக்கிறது. அடுத்த வருடம் பெங்களூருவில் ஒரு தொடக்கநிலைப் போட்டியில் இறக்கலாம் என்று பயிற்சியாளரும் சொல்லிவிட்டார். கூடவே ஒரு நீண்ட சாமான் பட்டியலையும் கொடுத்திருக்கிறார். “எல்லாவற்றையும் வாங்கினால் ஒரு ஸ்கூட்டர் விலை ஆகிறது. எது அவசியம், எது அலங்காரம்? இவள் அப்பாவின் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டே போதாதா? துபாயில் இருக்கும் என் தம்பி, விழும்போது காற்று ஊதிக்கொள்ளும் ஏர் வெஸ்ட் ஒன்று பழையதாக வாங்கித் தருகிறேன் என்கிறான், சரி சொல்லலாமா?”

சுருக்கமாகச் சொன்னால் தலை, நெஞ்சுக்கூடு, பாதம். பணம் இந்த வரிசையில் போகட்டும். கோட், வெள்ளை பிரீச்சஸ் (குதிரையேற்றக் கால்சட்டை), பளபளக்கும் நெடும் பூட்ஸ் எல்லாம் கடைசி. அதில் பாதியை இரவல் வாங்கியே சமாளித்துவிடலாம். அப்புறம் நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் பிள்ளை கழற்றி வேலியில் மாட்டிவிடுகிற சாமான், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் வீண்தான். அதனால் தரமுத்திரைக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது, அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருக்க முடியுமா என்பதை.

ஈவென்டிங்கில் மூன்று கட்டம். டிரஸ்ஸாஜில் சமதளத்தில் குதிரையின் நடையையும் பணிவையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஷோ ஜம்பிங்கில் கம்புத் தடைகளைத் தாண்ட வேண்டும். குதிரையின் கால் பட்டால் கம்பு உருண்டு விழும், அபராதப் புள்ளி விழும், அவ்வளவுதான். மீதி இருக்கும் கிராஸ் கன்ட்ரிதான் கவலைப்பட வேண்டிய இடம். மரத்தண்டு, பள்ளம், மேடு, நீர்த்தடை என்று திறந்தவெளியில் வேகமாகப் போய்த் தாண்ட வேண்டும். அங்கே தடைகள் அசையாது. முன்னங்காலின் மேல்பகுதி மரத்தில் இடித்தால், வந்த வேகத்தில் குதிரை அப்படியே கரணம் அடித்து ஆள் மேலேயே விழக்கூடும். 1999இல் பிரிட்டனில் மட்டும் ஈவென்டிங் வீரர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் குறிப்பிட்ட அளவு விசை பட்டதும் உடைந்து கட்டையை இறக்கிவிடும் ஊசிகளும் கிளிப்புகளும் தடைகளில் வந்தன. தடை அமைக்கும் விதிகளும் இறுகின.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அரை டன் குதிரை மேலே விழுந்தால் எந்த ஜாக்கெட்டும் காப்பாற்றாது என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்ட விழுதலைத் தவிர்ப்பது பயிற்சியும், பிள்ளையின் தரத்துக்கு ஏற்ற உயரத்தில் இறக்குவதும், குதிரை களைத்தால் நிறுத்திவிடுவதும். நாம் வாங்கும் சாமான்கள் மற்ற விழுதல்களுக்கு: குதிரையின் தோள் பக்கமாகச் சரிவது, குதிரை மறுத்து நின்றதும் முன்னால் பறப்பது, விழுந்த பின் குளம்பு படுவது. உங்கள் மகள் சந்திக்கப்போவது பெரும்பாலும் இவற்றைத்தான், இங்கே நல்ல சாமான் மிக நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, ஹெல்மெட். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட இருசக்கர வாகன ஹெல்மெட் ஐ.எஸ். 4151 என்ற தரத்தின்படி சோதிக்கப்படுகிறது. சாலை விபத்துக்கு அது நல்ல பொருள். குதிரைக்கு அது வேறு கணக்கு. எடை அதிகம்; தாவி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எடை சிறுபிள்ளையின் கழுத்தில் இறங்கும். காதை மூடுவதால் பயிற்சியாளர் கத்துவது கேட்காது. கீழ்ப்பார்வையும் மறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரையேற்ற ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும்போது தட்டையான பரப்பில் மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை, ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தரத்தின் சோதனையில் லாடத்தின் விளிம்பு போன்ற கூரான இரும்பின் மேலும் போட்டுப் பார்க்கிறார்கள், பி.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் தரத்தின் சோதனையில் பக்கவாட்டில் நசுக்கியும் பார்க்கிறார்கள். சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கும் இதே பதில்தான்.

வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163, பி.ஏ.எஸ். 015, வி.ஜி.1, ஸ்நெல் இ2016 போன்றவற்றில் ஒன்றாவது எழுதியிருக்க வேண்டும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஏற்கும் பட்டியலில் இவை இருக்கின்றன. பழைய ஹெல்மெட்டுகளில் இ.என். 1384 என்ற ஐரோப்பியத் தர எண் மட்டும் இருக்கும். அந்தப் பழைய பதிப்பை நம்பி இன்று வாங்க வேண்டாம். இணையக் கடைகளில் கறுப்பு வெல்வெட் போர்த்தி, குதிரைக்காரத் தொப்பி என்று மலிவாக விற்பார்கள். உள்ளே எந்தத் தர எண்ணும் இல்லையென்றால் அது நாடக ஒப்பனைச் சாமான். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

மிப்ஸ் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தலை சாய்வாக மோதும்போது ஹெல்மெட் கொஞ்சம் வழுகி நகர்வதற்காக உள்ளே வைக்கும் மெல்லிய அடுக்கு அது. மூளை திடீரென்று சுழற்றப்படுவதைக் குறைக்கும். கூடுதல் விலைக்குத் தகுந்த பொருள்தான். ஆனால் மிப்ஸ் உள்ள பொருந்தாத ஹெல்மெட்டை விட, மிப்ஸ் இல்லாத பொருந்திய ஹெல்மெட் மேல். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2022 முதல் குதிரையேற்ற ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுத்து வெளியிடுகிறது, இலவசமாகப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் விலைக்கும் நட்சத்திரத்துக்கும் பெரிய உறவு இல்லை என்பது தெரியும்போது உங்களுக்கே ஒரு தைரியம் வந்துவிடும்.

கிராஸ் கன்ட்ரிக்கு முன்விளிம்பு இல்லாத, மொழுமொழுவென்ற ஜாக்கி வகை ஹெல்மெட்தான் வழக்கம். கெட்டியான விளிம்பு இருந்தால், முகம் குப்புற விழும்போது அது தரையில் ஊன்றித் தலையைப் பின்னுக்கு மடக்கிவிடும். இதில் ஒரு சிக்கனமும் இருக்கிறது. இந்த ஒரே ஹெல்மெட்டுக்கு இரண்டு துணி உறைகள் வாங்கிக்கொண்டால் போதும். கிராஸ் கன்ட்ரிக்குப் பிடித்த நிறத்தில் ஒன்று, டிரஸ்ஸாஜுக்கும் ஷோ ஜம்பிங்குக்கும் கருநீலமோ கறுப்போ ஒன்று. மூன்று கட்டத்துக்கும் ஒரே ஹெல்மெட்.

இனி அளவு. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே நாடாவைச் சுற்றி எடுங்கள். அளவு சரியாக இருந்தாலும் தலையின் வடிவம் ஒத்துவராமல் போகலாம்: சிலருக்கு வட்டத் தலை, சிலருக்கு நீள்வட்டம். நீள்வட்டத் தலையில் வட்ட ஹெல்மெட் போட்டால் நெற்றியில் அழுத்தும், பக்கங்களில் விரல் நுழையும். போட்டதும் வாரைக் கட்டாமல் தலையைக் குனிந்து, ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டை அசைத்தால் புருவத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தாடைக்கு அடியில் வாரும் தோலும் சேரும் இடத்தில் ஒரு விரல் நுழைந்தால் சரி. அப்புறம் பத்து நிமிடம் கழற்றாமல் வீட்டுக்குள் நடக்கச் சொல்லுங்கள். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்த கோடு விழுந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். அதனால்தான் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கச் சொல்கிறேன்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் தலைமுடியைப் பற்றி வெளிநாட்டுக் குறிப்புகளில் ஒன்றும் இருக்காது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய அடர்த்தியான சடையை மடித்துக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட் ஏற்றினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், நெற்றி திறந்துவிடும். கழுத்தடியில் ஒற்றைச் சடையாகத் தாழ்த்திப் பின்னி, அதைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். அளவு பார்க்கும் நாளிலும் இதே பின்னல்தான் இருக்க வேண்டும். குதிரை ஏறும் காலையில் தலைக்கு எண்ணெய் வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து உள்துணி வழுக்கும், நாறும். தொங்கட்டான், கழுத்துச் சங்கிலி, வளையல், பூட்ஸுக்குள் போகும் கொலுசு எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும். உள்ளே இருக்கும் நுரை ஒரு தடவைதான் நசுங்கும். அடி படாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். கார் டிக்கியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தும் பழக்கம் இருந்தால் அந்த ஐந்தை நான் நம்ப மாட்டேன். மே மாதம் மூடிய காருக்குள் ஏறும் சூடு பசையையும் நுரையையும் கெடுக்கும். வீட்டுக்குள் நிழலில், மின்விசிறிக் காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். ஸ்டிக்கர், பெயின்ட், தின்னர் எதுவும் வேண்டாம்.

அடுத்தது பாடி புரொடெக்டர், அதாவது நெஞ்சையும் முதுகையும் மூடும் நுரைக் கவசம். ஐரோப்பியத் தரம் இ.என். 13158. அதில் மூன்று நிலைகள். தடை தாண்ட, அதுவும் கிராஸ் கன்ட்ரி போக, நிலை 3 தான் வேண்டும். பிரிட்டனின் பீட்டா அமைப்பு நிறச்சீட்டு தைத்து விடுகிறது: 2009ஆம் ஆண்டுப் பதிப்பின் நிலை 3க்கு ஊதா, 2018ஆம் ஆண்டுப் பதிப்புக்கு நீலமும் கறுப்பும். இப்போது புதிதாக வாங்குகிறவர் 2018 பதிப்பையே பார்த்து வாங்குங்கள். ஊதாச் சீட்டு உள்ளதைத் தள்ளுபடியில் விற்றால் ஏன் தள்ளுபடி என்று யோசியுங்கள்.

பெற்றோர் அதிகம் தடுமாறுவது இதில்தான். பள்ளிச் சீருடை போல, வளரும் பிள்ளை என்று ஒரு சுற்று பெரிதாக எடுத்துவிடுவார்கள். பெரிய கவசம் கவசமே அல்ல. விழும்போது அது ஓர் இடத்திலும் உடம்பு ஓர் இடத்திலும் இருக்கும். மூன்று அளவு வேண்டும்: மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, தோளின் மேலாக முன்னிருந்து பின்னுக்கு வரும் நீளம். மூன்றாவதை எடுக்காமல் விடுவதால்தான் பாதித் தொல்லை. முன்பக்கம் கடைசி விலா எலும்புக்குக் கீழே குறைந்தது 25 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். மேலே, குனிந்தால் கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பு வரை வர வேண்டும். பின்பக்கக் கீழ் விளிம்புக்கும் சேணத்துக்கும் இடையே 12 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

இந்தக் கடைசி அளவைக் கண்ணாடி முன்னால் நின்று பார்க்க முடியாது. சேணத்தில் உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். குதிரை வேண்டுமென்றில்லை, திடலில் சேணம் அடுக்கி வைக்கும் கட்டையின் மேலேயே உட்காரச் சொல்லலாம். முதுகுப் பக்கம் நீளமாக இருந்தால், உட்கார்ந்ததும் சேணத்தின் பின்மேடு கவசத்தை மேலே தள்ளும். கவசத்தின் மேல்விளிம்பு ஹெல்மெட்டின் பின்பக்கத்தை இடிக்கும். ஹெல்மெட் கண்ணுக்கு மேல் சரியும். பிள்ளை ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு கையால் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தால், பழுது ஹெல்மெட்டில் இல்லை, கவசத்தின் நீளத்தில் இருக்கிறது. போட்ட உடனே அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். பல கவசங்களில் நுரை உடம்புச் சூட்டில் இளகும். ஐந்து பத்து நிமிடத்தில் உடலோடு படியும், அப்புறம் பக்கவார்களை இன்னொரு பிடி இறுக்க வேண்டியிருக்கும்.

வெயிலுக்கு என்ன செய்வது? துண்டு துண்டாகப் பிரிந்த நுரைக் கட்டங்களும் அவற்றுக்கிடையே வலைத்துணியும் உள்ள வகை, முழுப் பலகையாக வருவதைவிடக் காற்றோட்டமானது. உள்ளே வியர்வையை உறிஞ்சிச் சீக்கிரம் உலரும் மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று போதும்; அதற்குள் தனியாக பனியன் வேண்டாம். திடலில் காத்திருக்கும்போது ஜிப்பைத் திறந்து வைக்கலாம், தொடங்கும் முன் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் கிராஸ் கன்ட்ரித் தடை ஒன்றைத் தாண்டினாலும் கவசம் இருக்க வேண்டும், பயிற்சி நாளிலும். போட்டியன்று முதல் தடவை போட்டால் இடுப்பு மடங்காது, மூச்சு முட்டும், பிள்ளை பதறிவிடும். துவைப்பு இயந்திரத்தில் போடாமல் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் மேலே வராமல் அப்படியே நின்றால் அதன் ஆயுசு முடிந்தது.

இப்போது உங்கள் தம்பி தரும் ஏர் வெஸ்ட். சேணத்தோடு ஒரு கயிறு மாட்டியிருக்கும். ஆள் தூக்கியெறியப்பட்டதும் கயிறு இழுபட்டு, சிறு குப்பியில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் உறையை ஊதிவிடும். கழுத்தும் முதுகும் விலாவும் காற்று மெத்தைக்குள் வந்துவிடும். நல்ல கண்டுபிடிப்பு, ஆனால் கிராஸ் கன்ட்ரியில் இது பாடி புரொடெக்டருக்கு மேலே போடுவது, அதற்குப் பதிலாகப் போடுவது அல்ல. ஏர் வெஸ்ட் வந்துவிட்டது என்று கவசத்தை வாங்காமல் விட்டால் விதிப்படியும் தப்பு, புத்தியும் ஆகாது. குதிரையோடு சேர்ந்து சாயும்போது கயிறு இழுபட நேரமாகலாம். அப்போது நுரைதான் துணை.

பழையது என்பதால் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய அளவா, தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச எடைக்கு மேல் இருக்கிறாளா, கடைசியாக எப்போது தயாரிப்பாளரிடம் பரிசோதனைக்குப் போனது, அந்த மாடலுக்கான அளவில் குப்பி இங்கே கிடைக்குமா. ஒரு தடவை ஊதினால் ஒரு குப்பி காலி. மாற்றுக் குப்பி இல்லாத ஏர் வெஸ்ட் வெறும் துணிச்சட்டை. விமானத்தில் வாயுக் குப்பி கொண்டுவர ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. டிக்கெட் எடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். வந்தபின் இன்னொரு வேலை இருக்கிறது. குதிரையிலிருந்து இறங்கும்போது கயிற்றைக் கழற்ற மறந்தால் பட்டென்று வெடிச்சத்தத்தோடு ஊதிக்கொள்ளும், பக்கத்தில் நிற்கும் குதிரை அரண்டு ஓடும். கழற்றிவிட்டு இறங்குவது கைப்பழக்கமாக வேண்டும். அந்தச் சத்தத்துக்குக் குதிரையையும் முதலில் தூரத்தில் வைத்துப் பழக்க வேண்டும். மொத்தத்தில் முதல் வருடத்துக்கு இது கட்டாயமில்லை. கவசமும் ஹெல்மெட்டும் வாங்கிய பிறகு கையில் மிச்சம் இருந்தால், அளவும் சரியாக இருந்தால், வரட்டும்.

மூன்றாவது பாதம். இங்கே செலவு மிகக் குறைவு, கவனக்குறைவு மிக அதிகம். விழுந்த பிள்ளையின் கால் அங்கவடியில், அதாவது ஸ்டிரப்பில், சிக்கிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் இந்த விளையாட்டில் நான் மிகவும் அஞ்சுவது. பயிற்சித் திடல்களில் பெரியவர்களின் ஸ்டிரப்பிலேயே சிறுபிள்ளைகளையும் ஏற்றிவிடுகிறார்கள். அகலம் அதிகமானால் முழுப் பாதமும் உள்ளே நழுவிப்போகும்; குறைந்தால் பூட்ஸ் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். பூட்ஸின் அகலமான இடத்தை அளந்து, அதோடு இரண்டரை சென்டிமீட்டர் கூட்டினால் வருவதுதான் ஸ்டிரப்பின் உள்ளகலம். ஒரு ஸ்கேல் எடுத்துக்கொண்டு போய் நாளைக்கே அளந்து பாருங்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது வெளிப்பக்கம் இரும்புக்குப் பதிலாக ரப்பர் வளையம் மாட்டிய பாதுகாப்பு ஸ்டிரப். பாதம் வெளிப்பக்கமாக அழுத்தினால் ரப்பர் கொக்கியிலிருந்து விடுபட்டுக் காலை விட்டுவிடும். ரப்பர் எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அவசரத்தில் இடம் மாற்றி மாட்டிவிடுவதை நிறையப் பார்க்கலாம். நம் வெயிலில் அந்த ரப்பர் சீக்கிரமே நுணுக்கமாக வெடிக்கும். இழுத்துப் பிடித்தால் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பையில் இரண்டு உபரி எப்போதும் இருக்கட்டும். சேணத்தில் ஸ்டிரப் வார் மாட்டும் இரும்புப் பட்டையின் முனையில் ஒரு சிறு தாழ் இருக்கும். அது மடங்காமல் திறந்தே இருக்க வேண்டும். மூடியிருந்தால் இழுபடும்போது வார் கழன்று வராது.

பூட்ஸுக்குப் பெரிய பிராண்டு தேவையில்லை. ஓர் அங்குல அளவில் குதிகால், வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான அடி, கணுக்காலை மூடும் உயரம், வெளியே துருத்தும் லேஸ் கொக்கி இல்லாமை. இவை இருந்தால் போதும். ஓடும் ஷூ கூடவே கூடாது: குதிகால் இல்லை, அடியில் ஆழமான பள்ளங்கள். நம் ஊரில் ஷூ தைப்பவர்களிடம் மாதிரியைக் காட்டினால் இப்படி ஒரு தோல் கணுக்கால் பூட்ஸ் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் மேல் கெண்டைக்காலுக்கு ஹாஃப் சாப்ஸ் என்ற உறையை மாட்டினால், நெடும் பூட்ஸ் செய்யும் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். மாதாமாதம் கால் வளரும் வயதில் விலை உயர்ந்த நெடும் பூட்ஸ் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மழைக்காலத்து ரப்பர் பூட்ஸ் வேண்டாம், அது ஸ்டிரப்பில் ஒட்டிப் பிடிக்கும்.

உடைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பிடித்த நம் நாட்டு ஈவென்டிங் வீரர் ஃபவாத் மிர்சாவின் படங்களைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பட்டியல் போடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது டிரஸ்ஸாஜ் படம். கிராஸ் கன்ட்ரிப் படத்தைக் காட்டுங்கள். செலவு எங்கே போக வேண்டும் என்பது அதில் தெரியும். தொடக்கநிலைப் போட்டிகளில் கோட் வேண்டுமா, பள்ளியின் டி-ஷர்ட் போதுமா என்பது போட்டி அறிவிப்பில் இருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிரீச்சஸில் முழங்கால் உட்புறம் தையல் உறுத்தாமல், பிடிமானமுள்ள ஒட்டு இருந்தால் சரி. கையுறை அவசியம், ஏனென்றால் வியர்த்த கையில் லகான் வழுக்கும். ரப்பர் பிடி போட்ட லகானும் கேளுங்கள். தடை தாண்டும் கட்டங்களில் சாட்டை 75 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பூட்ஸின் குதியில் மாட்டும் குதிமுள் (ஸ்பர்) இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

குதிரை திடலுடையது என்பதால் அதன் சாமானை நீங்கள் வாங்க வேண்டியதில்லை, ஆனால் பார்க்கும் உரிமை உண்டு. வயிற்றுப்பட்டை மாட்டும் வார்கள், லகான் கடிவாளத்தோடு சேரும் இடம், ஸ்டிரப் வாரின் பக்கிள் மடிப்பு: தோல் அறுவது இந்த இடங்களில்தான். வாரை விரலில் மடித்துப் பாருங்கள். வெடிப்புக் கோடு விழுந்தாலோ தையல் பிரிந்திருந்தாலோ அன்றைக்குக் குதிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேணத்தில் பச்சைப் பூசணம் படியும். சேண சோப்புப் போட்டுத் துடைத்து நிழலில் காயவைத்து, தோலுக்கான எண்ணெயை மெல்லத் தடவினால் போதும். எண்ணெயில் ஊறவைத்தால் வார் தளர்ந்து நீளும். சேணம், வார், காலுறைகளில் கான்பூர் தயாரிப்புகள் நம் நாட்டில் நன்றாகவே கிடைக்கின்றன. ஏற்றுமதித் தரம் கேட்டு வாங்கினால் வெளிநாட்டுப் பெயருக்குச் சுங்கவரி கட்டத் தேவையில்லை. தொடக்கநிலை ஹெல்மெட்டும் கவசமும் டெகத்லான் கடையின் குதிரையேற்றப் பிரிவில் பாருங்கள்.

கிராஸ் கன்ட்ரிக்குக் குதிரையின் கால்களில் முன்பக்கமும் மூடிய பூட்ஸ் வேண்டும், மரத்தில் இடிக்கும் காலுக்கு அதுதான் தடுப்பு. முன்குளம்புக்கு மணி வடிவ ரப்பர் உறை. பின்னங்கால் வந்து முன்குதியை வெட்டாமல் இருக்க. இவற்றுக்குள் மணல் புகுந்தால் தோல் உரிந்துவிடும். ஓட்டம் முடிந்ததும் உடனே கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள், ஏனென்றால் உறைக்குள் அடைபடும் சூடு தசைநார்களுக்கு ஆகாது. சூடான குதிரைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று சில குதிரைக்காரர்கள் தடுப்பார்கள். அதைக் கேட்காதீர்கள். உடல் முழுக்கத் தொடர்ந்து ஊற்றுவதுதான் சூட்டை வேகமாக இறக்கும். ஈரத்துண்டைப் போர்த்தி வைத்தால் அது சூடேறிப் போர்வையாகிவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே வெயிலுக்காக கிராஸ் கன்ட்ரியைக் காலையில் முன்னதாகவே தொடங்கித் தூரத்தையும் குறைத்தார்கள். மதுரையில் மாசி கடந்தால் எட்டு மணிக்குள் குதிப்பை முடித்துவிடச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

இரண்டாம் கை விஷயத்தில் என் கணக்கு இதுதான்: ஹெல்மெட் ஒருபோதும் வேண்டாம். கவசம், யார் போட்டது, எப்படி விழுந்தார் என்று தெரிந்தால் மட்டும். பூட்ஸ், பிரீச்சஸ், கோட், ஸ்டிரப், சேணம் எல்லாம் தாராளமாக. அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரையோடு சேணச் சாமானும் விலைக்கு வரும், ஆனால் அங்கே கிடைப்பது வண்டிக்கும் நாட்டியத்துக்கும் ஏற்றவை. தடை தாண்டும் சேணத்தை அங்கே தேடி அலைய வேண்டாம்.

கடைசியாகக் காசில்லாத இரண்டு. கையில் கட்டும் சின்ன உறைக்குள் ஒரு சீட்டு: பெயர், வயது, ரத்தப் பிரிவு, மருந்து ஒவ்வாமை, உங்கள் கைபேசி எண். பல போட்டிகளில் இது கட்டாயம், பயிற்சி நாளிலும் கட்டிவிடுங்கள். தலையில் அடி பட்டு ஒரு கணம் குழம்பினாலும், வாந்தி வந்தாலும், கேட்டதையே திரும்பக் கேட்டாலும் அன்று மறுபடி ஏற்றாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, 108ஐ அழைத்தால் திடலுக்கு எப்படி வழி சொல்வது என்று இப்போதே எழுதி லாயத்தின் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். அழகர்கோவில் சாலையில் எந்த நிறுத்தத்தில் திரும்ப வேண்டும், எந்தப் பக்கம் மண்பாதை, ஆம்புலன்ஸ் நுழையும் அகலமுள்ள கேட் எது, அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பது வரை.